மாதவிலக்குக்கு முந்திய உபாதைகள்

சென்ற ஆண்டு எமது வட்டாரத்து விவசாயி ஒருவர் என்னிடம் தம் மனக்குறையைக் கூறினார். "மாதத்தில் இருபது நாள் வீடு அமைதியாக இருக்கிறது, ஐயா. மற்ற நாட்களில் என் சம்சாரம் தொட்டதற்கெல்லாம் சினக்கிறாள், காரணமின்றி அழுகிறாள். மந்திரித்துக் கயிறும் கட்டிப் பார்த்தாயிற்று" என்றார். இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுமாறு சொன்னேன். அங்கிருந்த பெண் மருத்துவர் மருந்துக்கு முன்பாக ஒரு நாட்காட்டியைத் தந்தார். இரண்டு மாதக் குறிப்பில் உண்மை விளங்கிற்று. ஒவ்வொரு முறையும் உபாதை மாதவிலக்குக்கு எட்டு நாட்கள் முன்னர் தொடங்கி, விலக்கான இரண்டாம் நாள் நீங்கியிருந்தது.

உபாதையின் தன்மை

இதனை 1931-ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் விவரித்து எழுதினார். 1953-ல் இங்கிலாந்து மருத்துவர்களான ரேமண்ட் கிரீனும் கத்தரீனா டால்டனும் இதற்கு இன்று வழங்கும் பெயரை இட்டனர். வயிறு உப்புதல், மார்பில் வலி, தலைவலி, அயர்ச்சி, தூக்கக் குறைவு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை இதன் குறிகள். எல்லாப் பெண்களுக்கும் எல்லாக் குறிகளும் தோன்றுவதில்லை.

சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்ட பின்னர், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர்களின் அளவு ஏறி, விலக்குக்குச் சற்று முன் இறங்குகிறது. இவ்வேற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் பொது. சிலருடைய மூளை மட்டும் இம்மாறுதலால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. ஆதலால் இது குணக்கேடும் அன்று, சோம்பலும் அன்று, பேய்க்கோளாறும் அன்று.

செய்ய வேண்டுவன

விதைத்த நாளையும் உரமிட்ட நாளையும் நாம் குறித்து வைப்பது போல, உபாதை தோன்றும் நாட்களையும் விலக்கு நாட்களையும் இரண்டு மாதங்கள் குறித்து வரவேண்டும். விலக்குக்குப் பின் உபாதை நீங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். மாதம் முழுவதும் நீடித்தால் இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு நோய் முதலியன உண்டா என மருத்துவர் ஆராய வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து உபாதையைத் தணிக்கிறது என்பது ஆராய்ச்சியில் தெரிந்துள்ளது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்து உண்டு. பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவையும் ஏற்றவை. அந்நாட்களில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும் காப்பி, தேநீரையும் குறைத்துக்கொள்வது நலம். போதிய உறக்கமும் அவசியம். களை எடுப்பு, நாற்று நடவு முதலிய கடின வேலைகளை இரண்டொரு நாள் மாற்றி வைக்க இயலுமாயின் குடும்பத்தார் அவ்வாறே செய்ய வேண்டும்.

சிலருக்கு, நூற்றுக்கு ஐந்து பேர் அளவில், இது கடுமையாகி வேலையும் உறவும் குலையும்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழக்கூடும். அதனை அலட்சியம் செய்யலாகாது. இதற்குப் பயன் தரும் மருந்துகள் உள்ளன. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஊராட்சியின் கடமை

கிராம சுகாதாரச் செவிலியரை மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திற்கு அழைத்து இதுபற்றிப் பேசச் செய்யலாம். ஆண்களுக்கும் தனியே ஒரு கூட்டம் நடத்துவது நன்று. எப்பெண்ணின் பெயரையும் பொதுவில் எடுக்கலாகாது. பள்ளிகளிலும் பொதுவிடங்களிலும் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைகளைப் பழுதின்றி வைத்திருப்பதும் ஊராட்சியின் பொறுப்பாகும்.

இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறேன். பெண் உறுப்பினர் ஒருவர் குடிநீர்க் குழாய் பழுதென்று கூட்டத்தில் சினந்து பேசினால், "விலக்கு நாள் நெருங்கிவிட்டது போலும்" என்று நகைப்பது பெருந்தவறு. குழாய் பழுதென்றால் அதனைச் சீர்செய்வதே முறை. பெண்களின் துன்பத்தை அறிந்துகொள்வது அதனைத் தணிப்பதற்கே. அவர்கள் சொல்லை ஒதுக்குவதற்கன்று.

மேற்சொன்ன குடும்பத்தில் இப்போது நாட்காட்டி அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. அந்நாட்களில் மாட்டுக்கு வைக்கோல் போடுவதும் தண்ணீர் இறைப்பதும் கணவரின் வேலையாகிவிட்டன. கயிறு அவிழ்க்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்திலும் இத்தகைய அறிவு பரவ ஊராட்சி உறுப்பினர்கள் முன்வருவார்களாக.