ஆபீஸ் லேப்டாப் வீட்டுக்கு வந்தால்… சில பயனுள்ள குறிப்புகள்

ஹைதராபாத்தில் கொண்டாப்பூர், மியாப்பூர், நல்லகண்ட்லா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எப்படியும் ஒரு ஆபீஸ் லேப்டாப்பாவது சாப்பாட்டு மேஜையில் கிடக்கும். கணவன், மனைவி இருவரும் ஐடி என்றால் இரண்டு. அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கம்பெனி ஒரு பாலிசி வைத்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று பிஎஃப் ஃபாரம், இன்சூரன்ஸ் ஃபாரத்தோடு சேர்த்து அதற்கும் ஒரு 'ஐ அக்ரி' தட்டியிருப்போம். அப்புறம் யார் திறந்து பார்த்தார்கள்? இந்தக் குறிப்புகளை வேலைக்குப் போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். சிக்கலில் பாதி வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

1. பாலிசி முப்பது பக்கம் இருந்தாலும் நீங்கள் படிக்க வேண்டியது நான்கே இடங்கள்: சொந்த உபயோகம், கண்காணிப்பு, பென் டிரைவ், ஏஐ. கம்பெனியின் உள்தளத்தில் அந்த ஆவணத்தைத் திறந்து இந்தச் சொற்களைத் தேடுங்கள். பெரும்பாலான இடங்களில் 'நியாயமான அளவு சொந்த உபயோகம்' அனுமதி என்றுதான் இருக்கும். நியாயம் எவ்வளவு என்பதை மேனேஜர் முடிவு செய்வார்.

2. மெயிலில் வரும் இணைப்பைத் திறக்கும் முன் ஹைதராபாத் மகேஷ் வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. மகேஷ் கூட்டுறவு நகர வங்கியின் ஊழியர்களுக்கு 2021 நவம்பரில் 200-க்கும் மேற்பட்ட போலி மெயில்கள் வந்தன. திறந்தவர்கள் இரண்டே பேர். அது போதுமானதாக இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் தூரத்திலிருந்தே இயக்கும் ஒரு திருட்டு மென்பொருள் உட்கார்ந்துகொண்டது. திருடர்கள் அவசரப்படவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருந்து, 2022 ஜனவரி 22, 23 சனி, ஞாயிறு விடுமுறையில் 12.48 கோடி ரூபாயைத் தூக்கினார்கள். பணம் முதலில் 115 கணக்குகளுக்குப் போய், அங்கிருந்து 398 கணக்குகளுக்குப் பிரிந்து, நாடு முழுக்க 938 ஏடிஎம்களில் ரொக்கமாக வெளியே வந்தது. தேவைக்கு மேல் பலரிடம் எதையும் மாற்ற முடிகிற 'சூப்பர் யூசர்' அதிகாரம் இருந்ததையும், கிளைகளும் தலைமை அலுவலகமும் ஒரே வலையமைப்பில் இருந்ததையும் நகரப் போலீஸ் சுட்டிக்காட்டியது. 2023-ல் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 65 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

பூட்டுப் போடாதது நிர்வாகத்தின் குற்றம், சந்தேகமே இல்லை. ஆனாலும் கதவைத் திறந்தது ஒரு கிளிக். எனவே அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. சம்பள உயர்வுப் பட்டியல், கூரியர் ரசீது, 'இன்றைக்குள் கேஒய்சி முடிக்காவிட்டால்' வகையறா மெயில்கள் எல்லாம் நம்மை அவசரப்படுத்துவதற்கென்றே எழுதப்படுபவை. எம்.டி.யே பணம் அனுப்பச் சொல்லி மெயில் போட்டாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

3. தெரியாமல் கிளிக் செய்துவிட்டீர்களா? மூடி மறைக்காதீர்கள். வைஃபையை உடனே துண்டித்துவிட்டு, போனில் ஐடி ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்லும்வரை எதையும் அழிக்க வேண்டாம். சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் தர வேண்டும் என்பது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு. நீங்கள் பயந்துகொண்டு ராத்திரி முழுக்கச் சும்மா இருந்தால் அந்த ஆறு மணி நேரம் போயே போய்விடும். சொந்தப் பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

4. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். "லீவில் போறேன், அப்ரூவல் மட்டும் தட்டி விட்டுடுங்க" என்று டீம் லீடே கேட்டாலும் கூடாது. லீவு நாளில் வேறொருவருக்கு அதிகாரத்தை மாற்றிக் கொடுக்க பெரும்பாலான மென்பொருள்களில் வழி உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். 'நான் செய்யலை, என் ஐடியில் வேற யாரோ செஞ்சாங்க' என்பதை நிரூபிக்கிற பாடு உங்களுடையது.

இந்த ஊருக்கு இது பழைய கதை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் வெளியானபோது எல்லோரும் பேசியது வங்கியில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதைப் பற்றித்தான். விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம் நம் குறிப்புக்குப் பொருத்தமானது. கம்பெனியின் இன்வாய்ஸ் மென்பொருளில் 'சூப்பர் யூசர்' வழியாக உள்ளே போய் 7,561 போலி பில்களை நுழைத்திருந்தார்கள். அவை மற்றவர் கண்ணில் படாமலிருக்க மறைப்புக் குறியும் போட்டிருந்தார்கள். மனிதர் கண்ணுக்கு மறைத்தார்கள், கம்ப்யூட்டருக்குள் தடயம் இருந்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வந்தார்கள்.

5. எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள். விண்டோஸ் பட்டனோடு 'எல்'. மேக் என்றால் கன்ட்ரோல், கமாண்ட், 'கியூ'. குக்கர் விசில் எண்ணப் போகிற இரண்டு நிமிடமாக இருந்தாலும் சரி. மாதாப்பூர் பி.ஜி. விடுதியில் ஒரு அறையில் மூன்று கம்பெனிக்காரர்கள் தங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

6. பிள்ளைகள் கையில் ஆபீஸ் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். "ஹோம்வொர்க் பிரின்ட் மட்டும்பா" என்றுதான் ஆரம்பிக்கும். ஐந்தாம் நிமிடம் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கியிருப்பான், கூடவே அழையாத விருந்தாளி ஒன்றும் இறங்கியிருக்கும். ஆபீஸ் லேப்டாப் வாடகை வீடு மாதிரி, ஆணி அடிப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைத்த திருட்டு மென்பொருள், பிடிஎஃப் என்ற பெயரில் வரும் சினிமா, பிரௌசரில் செருகும் குட்டிச் செயலிகள் எல்லாம் இதில் அடக்கம். பழைய டேப்லெட் ஒன்றைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவது மலிவு.

7. தட்கல் டிக்கெட் செல்போனிலேயே போடுங்கள். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். பொங்கலுக்கு முன்பு அந்த இரண்டு நேரத்திலும் ஹைடெக் சிட்டியில் எத்தனை தமிழர்கள் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு சார்மினார் எக்ஸ்பிரஸைத் துரத்துகிறார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். ஆபீஸ் வைஃபையில் துரத்தினால் ஐடி துறைக்கும் தெரியும். டிக்கெட் போடுவதை எந்த மேனேஜரும் பெரிய குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போன்றவை உங்கள் போனிலும் உங்கள் டேட்டாவிலும் இருப்பதுதான் நல்லது.

காரணம் இருக்கிறது. 'இன்காக்னிட்டோ' போட்டால் கம்பெனிக்குத் தெரியாது என்பது வெறும் நம்பிக்கை. அது மறைப்பது அந்த லேப்டாப்பில் சேரும் பிரௌசர் ஹிஸ்டரியை மட்டும்தான். பல கம்பெனிகள் நடுவில் ஒரு ப்ராக்ஸியை உட்காரவைத்து, பூட்டுப் படம் போட்ட தளங்களைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி அனுப்புகின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி: முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியைத் தட்டி, தளத்தின் சான்றிதழை யார் கொடுத்தது என்று பாருங்கள். அங்கே உங்கள் கம்பெனியின் பெயரோ, அது வாங்கிய பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால் நீங்கள் படிப்பதை அவர்களாலும் படிக்க முடியும். வீட்டு வைஃபை என்றாலும் கம்பெனி விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் இதே கதைதான்.

8. 'அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே' என்று சிலர் கேட்பார்கள். சொன்னது உண்மை, 2017 ஆகஸ்ட் 24, ஒன்பது நீதிபதிகள் அமர்வு. ஆனால் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும், தொழில் ரகசியம் களவு போவது போன்ற இழப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே முதலாளி கையாளலாம் என்கிறது. இது முதலாளி பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது என்பது என் கட்சி. அது மாறும்வரை, ஆபீஸ் சாட்டில் மாமியார் சண்டையை எழுதாமலிருப்பது நம் கையில்.

9. 'ரிப்ளை ஆல்' தட்டும் முன் 'டு' வரிசையை ஒருமுறை படியுங்கள். பேஸ்மென்ட் இரண்டில் வெள்ளை ஸ்விஃப்ட்டின் ஹெட்லைட் எரிகிறது என்று ஒருவர் மொத்த அலுவலகத்துக்கும் அனுப்புவார். உடனே "என்னை இந்த லிஸ்டிலிருந்து எடுங்கள்" என்று பத்துப் பேர் எல்லோருக்கும் பதில் போடுவார்கள். "தயவுசெய்து ரிப்ளை ஆல் செய்யாதீர்கள்" என்று ரிப்ளை ஆல் செய்யும் மகானுபாவரும் எல்லா ஆபீஸிலும் ஒருவர் உண்டு. ஸ்விஃப்ட் பேட்டரி சாயங்காலம்வரை தாங்குமா என்பது வேறு விஷயம்.

வேடிக்கையல்லாத பிழை ஒன்று உண்டு. முகவரியில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினதும் தானாக வந்து விழும் பெயர். உள்ளே இருக்கும் ரமேஷுக்குப் போக வேண்டிய விலைப்பட்டியல் வாடிக்கையாளர் ரமேஷுக்குப் போய்விடும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க அதிகபட்சம் 30 விநாடி கொடுக்கிறார்கள். செட்டிங்கில் போய் அந்த 30-ஐ இன்றே தேர்ந்தெடுத்து வையுங்கள். அவுட்லுக்கின் 'ரீகால்' கம்பெனிக்கு வெளியே போன மெயிலைத் திருப்பாது. கோபத்தில் எழுதும் மெயிலை மட்டும் முகவரியே போடாமல் எழுதுங்கள்.

10. ஆபீஸ் ஃபைலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள், 'ராத்திரி வீட்டில் பார்த்துக்கலாம்' என்ற நல்லெண்ணத்தில்கூட. ராஜினாமா கொடுத்த மாதத்தில் அறவே வேண்டாம். நோட்டீஸ் காலத்தில் யார் என்ன வெளியே அனுப்புகிறார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உரிமையாளர் அனுமதியில்லாமல் தரவைப் பிரதி எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை. வாடிக்கையாளர் பட்டியல்தானே என்று அலட்சியம் வேண்டாம், சந்தையில் விலைபோவதே அதுதான். 2023 ஏப்ரலில் சைபராபாத் போலீஸ் கைது செய்த ஒரே ஆளிடம் 24 மாநிலங்கள், 8 பெருநகரங்களைச் சேர்ந்த 66.9 கோடிப் பேர், நிறுவனங்களின் தகவல்கள் இருந்ததாக அறிவித்தது.

11. ஏஐ செயலிகளில் ஆபீஸ் விஷயத்தை அப்படியே ஒட்டாதீர்கள். சாம்சங் பொறியாளர்கள் கம்பெனியின் புரோகிராம் வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டிய விவகாரம் வெளியாகி, 2023-ல் அந்தக் கம்பெனி ஊழியர்களுக்குத் தடையே போட்டது. நம் மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில் அலுவலகக் கருவிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவை வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. கம்பெனியே வாங்கிக் கொடுத்த ஏஐ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பெயர், நம்பர், தொகை மூன்றையும் எடுத்துவிட்டு, கேள்வியைப் பொதுவாகக் கேளுங்கள்.

12. அமீர்பேட்டை மைத்ரிவனம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் மெயிலைத் திறந்து பிரின்ட் எடுத்தால் லாக் அவுட் செய்தீர்களா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அந்தக் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை ஆபீஸ் லேப்டாப்பில் செருகவே கூடாது.

13. ஆபாச வீடியோ, இரட்டை அர்த்த ஜோக் எதுவும் ஆபீஸ் சாட்டில் வேண்டாம். 'ஃபார்வர்டு தானே செய்தேன்' என்பது எடுபடாது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே ஸ்கிரீன்ஷாட்டும் ஆதாரமாக வரும். அப்படி உங்களுக்கு வந்த மெசேஜ் என்றால் அருவருப்பில் அழித்துவிடாமல் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள்.

14. மௌஸ் தானாக நகர்கிற மாதிரி ஆட்டிவைக்கும் குட்டிக் கருவிகள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. வாங்காதீர்கள். வேலை செய்வதுபோல் கீபோர்டு அசைவைப் போலியாகக் காட்டியதற்காக அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-ல் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. இன்னொரு கம்பெனிக்கு மறைவாக வேலை செய்த 300 பேரை விப்ரோ 2022-ல் நீக்கியதும் ஞாபகம் இருக்கட்டும்.

15. வேலையை விடும்போது லேப்டாப்பை நீங்களே துடைத்துச் சுத்தப்படுத்திக் கொடுக்காதீர்கள். ஆதாரத்தை அழித்ததாகவும் ஆகலாம். உங்களுடையதை மட்டும் எடுங்கள்: டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும் ஆதார், பான் நகல், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, பிரௌசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள், வாட்ஸ்அப் வெப். எதையும் எடுக்க முடியாமல் பூட்டியிருந்தால் ஐடி துறைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். கூரியரில் அனுப்பினாலும் நேரில் கொடுத்தாலும் அடிப்புறத்தில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, பை, சார்ஜர், ஹெட்செட் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சார்ஜர் வரவில்லை என்று கடைசி செட்டில்மென்ட்டில் பணம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.