பள்ளிச் சீருடையும் வாக்குரிமையும்

'முதலில் பொறுப்பு, பிறகே சுதந்திரம்' என்பது இடைநிலைப்பள்ளியில் நான் கேட்டு வளர்ந்த பாடம். நாட்டின் சட்டமோ அதற்காகக் காத்திருக்கவில்லை.

2019-இல் மலேசிய நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15-இல் அது நடப்புக்கு வந்தது. 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தது, 2022 மார்ச் 12-இல் நடந்த நம் ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான். ஆறாம் படிவ மாணவரும் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். ஆனால், பல பள்ளிகளில் மாணவர் தலைவரை இன்றும் ஆசிரியர்களே நியமிக்கின்றனர்.

அத்தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. இதற்கு இளையோர் மட்டும் காரணமல்லர். எனினும், பள்ளியில் தேர்ந்தெடுத்துப் பழகாதவர் வாக்குச்சாவடியில் திடீரென எப்படிப் பழகுவார்?

கரையில் நின்று நீச்சல் கற்க முடியாது. மாணவர் தலைவரை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். தகுதியற்றவரைத் தேர்ந்தெடுத்தால், அதன் விளைவையும் அவர்களே ஓராண்டு சுமக்கட்டும். பொறுப்பு அங்கேதான் பிறக்கும்.