அளத்துப் பாட்டிகளின் மனச்சுமை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது அனுமந்தை. கடலோரம் மீனவர் குப்பம். வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய கரை இது. 2023 மே மாதம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் வீடு, படகு, வலை எனச் சேதம் கணக்கெடுக்கப்பட்டது. அறுபதைத் தாண்டிய பெண்களின் மனம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவர்கள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் குழுக்கள் இந்தக் கரைக்குத் தேவை. அதற்குக் குறுக்கே நிற்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வயசானா அப்படித்தான் இருக்கும்.

உண்மை: முதுமை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இந்தியாவில் 2017-18இல் நடந்த முதியோர் ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் தென்பட்டன. ஆனால் நோய் என்று மருத்துவர் சொல்லி அறிந்திருந்தவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே. அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெயர் தெரியாத நோயோடு வாழ்கிறார்கள். நம் பாட்டிகள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லமாட்டார்கள். தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல, விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது என்பார்கள். தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் இதே சோர்வைத் தரும் என்பதால் பரிசோதனை அவசியம்.

நம்பிக்கை 2: உழைச்ச கட்டைக்கு மனநோய் வராது.

உண்மை: பாத்தியில் உப்பு வாரி, தலையில் சும்மாடு வைத்து, கூடை கூடையாக அம்பாரத்துக்குச் சுமந்த பெண்ணுக்குப் பாதம் வெடித்திருக்கும், மூட்டு தேய்ந்திருக்கும். அதையெல்லாம் தாங்கியவள் எதையும் தாங்குவாள் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. ‘நான் உடைஞ்சா வீடு உடைஞ்சிடும்’ என்று அவளும் வாயை மூடிக்கொள்கிறாள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள்மீதும் இதே சுமை ஏற்றப்பட்டது: அவர்கள் வலிமையானவர்கள், அழமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு. அதை எதிர்த்து பில்லி ஏவரி என்ற கறுப்பினப் பெண் ஒரு சுகாதார இயக்கத்தைத் தொடங்கினார். 1983இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் அதன் முதல் தேசிய மாநாடு நடந்தது. கறுப்பினப் பெண்கள் வட்டமாக அமர்ந்து தங்கள் துயரங்களைப் பேசும் சுயஉதவிக் குழுக்களே அதன் அடித்தளம். நம் பெண்களின் சாதியும் கூலியும் வரலாறும் வேறு. ஆனால் தாங்குகிறவள் என்ற பட்டத்தால் வாயடைக்கப்படுவது இரு இடத்திலும் ஒன்றுதான்.

நம்பிக்கை 3: ஏற்கெனவே மகளிர் குழு இருக்கே, இன்னொன்று எதுக்கு?

உண்மை: சுயஉதவிக்குழு தமிழகப் பெண்களுக்குப் பெரும் பலம்; மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேச்சு சேமிப்பையும் தவணையையும் சுற்றியே நடக்கும். தவணை கட்ட முடியாதவள் அதே கூட்டத்தில் எப்படி மனம் திறப்பாள்? மனநலக் குழுவில் பணம் புழங்கக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு பேர், வாரத்தில் ஒரே நாள், ஒரே இடம், ஒரு மணி நேரம் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். மருமகள் காதுக்கோ டீக்கடைக்கோ போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். இந்த ஒழுங்குதான் இதை ஊர்வம்பிலிருந்து பிரிக்கிறது.

நம்பிக்கை 4: எழுதப்படிக்கத் தெரியாத கிழவி இன்னொருத்திக்கு என்ன செய்துவிட முடியும்?

உண்மை: ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வாசலில் மரபெஞ்சில் உட்காரவைத்தார். ‘நட்பு பெஞ்ச்’ என்று பெயர். 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனநலச் சிக்கல் நீடித்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் அது சுமார் 14 சதவீதமே. பேசி முடித்த பெண்கள் பிறகு குழுவாகக் கூடி, கைப்பை பின்னியபடி ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். அந்தப் பாட்டிகளுக்குப் பட்டம் இல்லை. பயிற்சி இருந்தது, பின்னால் மருத்துவர் இருந்தார். இந்த இரண்டும் இல்லாமல் குழுவை நடத்தக் கூடாது.

நம்பிக்கை 5: குழுவில் சேர்ந்தால் மாத்திரை வேண்டாம்.

உண்மை: இது ஆபத்தான நம்பிக்கை. குழு என்பது துணை, மருந்து என்பது சிகிச்சை. ஒன்றின் இடத்தை மற்றது பிடிக்காது. நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ‘நான் போய்ச்சேர்ந்தா எல்லாருக்கும் நிம்மதி’ என்று ஒருவர் சொன்னால் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் சேருங்கள். பெயர், பாதை, பணம் கொடுத்த கணக்கு அடிக்கடி மறந்துபோனால் அது மறதிநோயாகவும் இருக்கலாம்; அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. இந்தப் பகுதிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, அரசு செலவில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை.

மழை தொடங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பேச்சுத்துணையை நாம்தான் தர வேண்டும். ஊராட்சி ஒரு கூடத்தைத் திறந்துவிடலாம். மாவட்ட மனநலத் திட்டத்தினர் பயிற்சி தரலாம். வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் ‘ராத்திரி தூங்குனீங்களா ஆயா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். உடனடி மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.