பேரை வெட்ட முதல் திகதியை எழுதுங்கள்

கீரிமலை போன்ற ஊரில் ஒரே ஆள் நாலு சங்கத்தில் இருப்பார். சனசமூக நிலையத்தில் பொருளாளர், மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்டுபவர், விளையாட்டுக் கழகத்தில் பழைய வீரர், கோயில் தொண்டர் சபையில் ஆடி அமாவாசைக்கு மட்டும் தலைகாட்டுபவர். நாலு சங்கமும் தங்கள் பட்டியலை வாசித்தால் ஊரில் ஒரு படையே இருப்பதுபோலத் தோன்றும். சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்து நிற்பது அதே முகங்கள்தான். இந்தப் பட்டியல்களை ஒன்றாக வைத்து ஒத்துப்பார்க்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். மற்ற ஊர்ச் செயலாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மொத்தத் தொகையின் பின்னால் போகாதீர்கள். யார் எப்போது வந்தார், எப்போது நின்றார், நின்று எங்கே போனார் என்பதைப் பிடியுங்கள்.

உதாரணத்துக்கு, உலகம் முழுவதும் றோட்டரிக் கழகங்களின் அங்கத்தவர் தொகை இருபது வருடத்துக்கு மேலாகச் சுமார் 12 இலட்சத்திலேயே நிற்கிறது. பழைய ஆட்களே இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு வருடமும் பெருந்தொகையானோர் சேர்கிறார்கள், ஏறக்குறைய அதேயளவு பேர் கழன்றுபோகிறார்கள். எங்கள் சின்னச் சங்கங்களிலும் அதுவே. போன வருடம் நாற்பது, இந்த வருடமும் நாற்பது என்று செயலாளர் வாசித்தால் எல்லோரும் கைதட்டுவோம். அந்த நாற்பதில் பத்துப் பேர் புதியவர்கள் என்றால், பழைய பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கு சிக்கலானதற்குக் காரணம் இருக்கிறது. 1990 யூனில் போரால் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. மாற்றுடுப்பு எடுக்கவே நேரமில்லாதவர்கள் சங்கத்துக் கொப்பிகளையா காவிக்கொண்டு போவார்கள்? மல்லாகம் கோணாப்புலம் முகாமிலும் சுன்னாகத்து முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருபது வருடத்துக்கு மேல் கழிந்தது. போன இடத்துச் சங்கங்களிலும் எங்கள் ஆட்கள் சேர்ந்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். போர் முடிந்து இராணுவத்திடமிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுபட்டபோது தகப்பன் திரும்பினார், மகன் மல்லாகத்திலேயே தங்கிவிட்டான். 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் வீட்டுத்திட்டம் கையளிக்கப்பட, முகாம்களில் இருந்த காணியில்லாக் குடும்பங்கள் எங்கள் அயலவர் ஆனார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் விலாசத்தை வைத்து அங்கத்தவரைப் பிரிக்க முடியாது. என் பதிவேட்டில் விலாசத்துக்கு இரண்டு நிரல் உண்டு. ஒன்றில் சொந்தக் காணியோ பூர்வீகமோ உள்ள குறிச்சி, மற்றதில் இப்போது படுத்தெழும்பும் இடம். இரண்டும் ஒத்துவராதவர்களை விலகியவர் என்று எழுதிவிடாதீர்கள். மரண உதவிச் சங்கத்துக்குத் தவணை தவறாமல் காசு கட்டுபவர்களில் பலர் அவர்கள்தான். நல்லிணக்கபுரத்துக்கு வந்தவர்களை எத்தனை வருடத்துக்குப் ‘புதிதாக வந்தவர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம் என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்களுடைய பேர்களை நான் தனிப்பட்டியலில் வைப்பதில்லை.

பெயரில் அடுத்த சிக்கல். எங்கள் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பனின் முதலெழுத்து, கலியாணத்தோடு பெண்களுக்கு அது மாறிவிடும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய கொப்பியில் ‘க’ என்று இருந்தவர் புதிய கொப்பியில் ‘சி’ என்று வருவார். கணக்கில் ஒருவர் விலகி இன்னொருவர் சேர்ந்ததாகக் காட்டும். அடையாள அட்டையை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால், பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆளின் இரண்டு இலக்கமும் இரண்டு கொப்பியில் கிடக்கும். ஒத்துப்பார்க்கும் வழி இலகு. பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்கு முன்னால் 19 போடுங்கள், அந்த ஐந்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் செருகுங்கள், மிச்ச நாலையும் அப்படியே எழுதி எழுத்தை விட்டுவிடுங்கள். புதிய இலக்கம் வந்துவிடும்.

ஆனாலும் அடையாள அட்டை இலக்கத்தைப் பொதுக் கொப்பியில் எழுத எனக்கு விருப்பமில்லை. வாசிகசாலை மேசையில் கிடப்பதை யாரும் புரட்டுவார்கள். பிறந்த ஆண்டும் தாயின் பெயரும் போதும். தாயின் பெயர் எந்தக் கலியாணத்தாலும் மாறாது.

கலியாணம் எங்கள் பக்கத்தில் ஆண்களைத்தான் கூடுதலாக இடம் மாற்றும். சீதன வீடு பெண்ணின் ஊரில், மாப்பிள்ளை அங்கே போவார். நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் தை மாதம் கலியாணம் கட்டிச் சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டார் என்று வையுங்கள். விளையாட்டுக் கழகம் அவர் பேரைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிடும். வெட்டாமல், போன திகதியையும் அங்கே எந்தக் கழகத்தோடு ஓடித்திரிகிறார் என்பதையும் ஒரு வரி எழுதிவைத்தால், இரத்ததான முகாமுக்கு அந்த ஊர்க் கழகத்தைக் கூப்பிட ஒரு வாசல் திறந்திருக்கும். மறுபக்கத்தில், எங்கள் ஊருக்கு வாழவந்த மாப்பிள்ளைகளை யாரும் போய்க் கேட்பதில்லை. முதல் சில மாதங்களுக்குள் வீடு தேடிப் போய்ச் சனசமூக நிலையத்துக்கு அழையுங்கள். மனைவி வீட்டாரைத் தவிர ஊரில் வேறு பழக்கமில்லாத நேரம் அது. அழைத்தவரை அவர் மறப்பதில்லை. எங்கள் நிலையத்தில் உழைக்கிற ஆட்களில் இப்படி வந்தவர்கள் கணிசம்.

எல்லாவற்றிலும் கடினம், விலகிய திகதியைக் கண்டுபிடிப்பது. கடிதம் எழுதிக்கொடுத்து விலகுபவர் அருமை. மெல்ல மெல்ல வராமல் விடுவார்கள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் நீக்கலாம் என்று பல யாப்புகளில் இருக்கும், ஆனால் அயலுக்குள் முகத்தை முறிக்க யாருக்கும் மனம் வராது. அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று திகதி எழுதுகிறேன்: கடைசியாகச் சந்தா கட்டியது, கடைசியாகக் கூட்டத்துக்கு வந்தது, கடைசியாக ஒரு வேலைக்குக் கைகொடுத்தது. இவை ஒத்துவருவது குறைவு. கூட்டத்துக்கே வராத ஒருவர் ஒவ்வொரு சிரமதானத்துக்கும் உழவு இயந்திரம் கொண்டுவந்திருப்பார். வரவுப் பதிவை மட்டும் பார்த்தால் அவர் சங்கத்தில் இல்லாதவர், என் பதிவேட்டில் முதல் வரியில் நிற்பவர். வட்ஸ்அப் குழுவை அங்கத்தவர் பட்டியலாக எடுக்க வேண்டாம், அதில் ரொறன்ரோவில் இருப்பவரும் இருப்பார். ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார் என்று வரும் வரி மட்டும் பயன்படும். மனம் எப்போது விட்டது என்பதற்கு அதைவிடச் சரியான திகதி கிடைப்பதில்லை.

பல கழகங்களை ஒப்பிடுவதென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளைப் பிடிக்க வேண்டும். லயன்ஸ், றோட்டரி இரண்டுக்கும் ஆண்டு யூலை 1இல் தொடங்குகிறது. சர்வதேசச் சந்தா அரையாண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கில் வருவதால், யூன் கடைசியிலும் டிசெம்பர் கடைசியிலும் பேர்கள் கழிவது எந்த நாட்டிலும் வழக்கம். எங்கள் ஊர்ச் சங்கங்களோ வசதியான நேரத்தில் பொதுக்கூட்டம் வைப்பவை. ஒன்றின் யூன் தொகையையும் மற்றதன் தை மாதத் தொகையையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. நான் எல்லாவற்றுக்கும் யூலை 1ஐ எடுக்கிறேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆடி அமாவாசை அதற்குப் பின்னால் வருகிறது.

அன்று யாழ்ப்பாணக் குடாநாடே கீரிமலைக் கேணிக்கு வரும். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, பிதிர்க்கடன் முடித்து, கடலிலும் கேணியிலும் தீர்த்தமாடி, நகுலேஸ்வரக் கோயிலில் கும்பிட்டுப் போவார்கள். தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, வாகன ஒழுங்கு, முதியவர்களைப் படியில் கைபிடித்து இறக்குவது என்று காலை முழுக்க ஆள் வேண்டும். இங்கேதான் பட்டியல் கைவிடும். தொண்டர்களிலும் தகப்பன் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது விரத நாள், கடன் முடித்து வீடு போய்ப் படைத்துச் சாப்பிட வேண்டும். போன வருடம் விடியற்காலை நாலு மணிக்குக் கேணிப் படியில் நின்ற பெடியன், இடையில் தகப்பன் தவறியிருந்தால், இந்த வருடம் தர்ப்பை போட்டுக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருப்பான். அவனைக் காலை முறையில் போடுவது கூடாது. அவனாகவும் சொல்ல மாட்டான். எனவே அங்கத்தவர் வீட்டு மரணத்தையும் திகதியோடு குறிக்கிறேன். மரண உதவிச் சங்கத்துக் கொப்பியில் அது ஏற்கெனவே இருக்கும், இரண்டு கொப்பியையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தால் போதும். இப்படிப்பட்டவர்களைப் பின்னேரத் துப்புரவுக்குப் போட்டால் மனநிறைவோடு வருகிறார்கள்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் தனிக்கதை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களில் செயற்குழுவில் இருந்த இளைஞர்கள் பலர். பாரிசிலிருந்து ஒருவர் எடுத்துச் சொன்னார்: “அண்ணை, என்ர பேரை வெட்டிப்போடாதேங்கோ. சந்தாவை அம்மாட்டைக் குடுத்துவிடுறன்.” வெட்டக்கூடாது. அதே நேரம் அவரை எண்ணினால் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் காணாது, தீர்மானம் செல்லாமல் போகும். வெளிவாழ் அங்கத்தவர் என்று ஒரு வகுப்பை, வாக்குரிமை இல்லாமல், யாப்பில் சேர்த்துவிடுங்கள். பொருளாளரோ செயலாளரோ போவதென்றால் விமானச்சீட்டு எடுத்த கிழமையே வங்கிக் கையொப்பத்தை மாற்றிவிட வேண்டும். அவர் போன பிறகு மாற்றுவதற்குள் ஒரு வருட வேலைத்திட்டம் கிடப்பில் போய்விடும்.

காரண நிரலில் நான் பாவிப்பது சில சொற்கள்தான்: கலியாணம், படிப்பு, வேலை, வெளிநாடு, சுகயீனம், மரணம், சொல்லவில்லை. சண்டை பிடித்துப் போனவர்களும் ‘சொல்லவில்லை’க்குள்தான் வருவார்கள். நிர்வாகம் மாறும்போது பழைய செயலாளரையும் புதியவரையும் ஒரு மேசையில் இருத்தி, பேர் பேராக வாசிக்கச் சொல்லுங்கள். யார் யாரோடு கதைப்பதில்லை, அது எதனால் வந்தது என்பதெல்லாம் அப்போது வெளிவரும். புதியவர் அதைக் காதால் கேட்டுக்கொள்ளட்டும், கொப்பியில் ஏற வேண்டாம். கோபித்துப் போனவரின் வரியில், அவரோடு இன்னும் கதைக்கிற ஓர் அங்கத்தவரின் பேரை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.