மணி ஆறு இருபது

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புதுச்சேரியில் நெல் விளையும் பகுதி அது.

விடியற்காலை. பூங்காவனம் அம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 58. முதல் நாள் மாலை வரை வயலில் களை எடுத்தவர்.

மருமகள் செல்வி பால் வாங்கி வந்தாள்.

"அத்தை, காபி போடட்டுமா?"

"போடும்மா. சர்க்கரை கொஞ்சமா போடு" என்றார் பூங்காவனம்.

செல்வி உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 6.20. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும்.

பால் பொங்கவில்லை. அதற்குள் வாசலில் ஏதோ விழும் சத்தம். செல்வி ஓடி வந்தாள். கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அத்தை திண்ணையில் சாய்ந்திருந்தார். இடது கையால் தலையைப் பிடித்திருந்தார். வலது கை துணி போலத் தொங்கியது.

"தலை... தலை..." என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நாக்குக் குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உடனே வாந்தி எடுத்தார்.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"பித்தம் தலைக்கு ஏறியிருக்கும். சோடா குடும்மா" என்றார் ஒருவர்.

"வாதம் அடிச்சிருக்கு. புறா ரத்தம் தடவினா சரியாயிடும்" என்றார் இன்னொருவர்.

மகன் ஏழுமலை மோட்டார் சைக்கிளை எடுத்தான். "அம்மாவை நடுவுல உட்கார வை செல்வி. பின்னால நீ பிடிச்சுக்க. போயிடலாம்" என்றான்.

"வேணாங்க" என்றாள் செல்வி. "வாந்தி எடுக்கிறாங்க. கை நிக்கல. வழியில விழுந்துடுவாங்க. 108-க்குப் போன் போடுங்க."

செல்வி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். அந்த வகுப்புச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் நான்கு சொற்கள் இருந்தன. முகம், கை, பேச்சு, நேரம். அந்தச் சொற்களை அவள் பலமுறை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். இன்று அவை மூன்றும் அத்தையிடம் தெரிந்தன. நான்காவது நேரம்.

செல்வி நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தாள். அதன் பின்புறம் எழுதினாள்:

"6.20 நன்ராகப் பேசினார். 6.25 வாய் கோணல். கை விழுந்தது. வாந்தி."

ஓர் எழுத்து பிழை. ஆனால் மணி சரி.

மூளையில் என்ன நடந்தது?

நம் மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். அதற்கு இடைவிடாமல் ரத்தம் வேண்டும். ரத்தக் குழாய்கள் அதைக் கொண்டு போகின்றன. சில குழாய்கள் நூலைப் போல மெல்லியவை.

வயலுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். மோட்டார் எப்போதும் அதிக வேகத்தில் தள்ளினால் குழாய் என்ன ஆகும்? நைந்துபோகும். ஒரு நாள் நைந்த இடத்தில் வெடிக்கும். ரத்தக் கொதிப்பும் அப்படித்தான். அது பல ஆண்டுகளாகக் குழாய்களை நைய வைக்கிறது. ஒரு நாள் ஒரு குழாய் உடைகிறது. ரத்தம் மூளைக்குள் கசிகிறது. இதுவே மூளை ரத்தக் கசிவு.

மண்டை ஓடு மூடிய பெட்டி. வெளியே வந்த ரத்தம் போக இடம் இல்லை. அது மூளையை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட பகுதி வேலை செய்யாது. மூளையின் இடது பக்கம் வலது கையையும் வலது காலையும் இயக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் பூங்காவனம் அம்மாளுக்கு வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின.

இது பித்தம் அல்ல. காற்று கருப்பு அல்ல. யாரும் வைத்த சூனியமும் அல்ல.

எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒரு நிமிடம் போதும்.

முகம்: பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

கை: இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?

பேச்சு: பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். நாக்குக் குழறுகிறதா? சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாரா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேறு அடையாளங்களும் உண்டு. இதுவரை வராத கடுமையான தலைவலி திடீரென்று வரும். வாந்தி வரும். கண் மங்கும். நடை தள்ளாடும். வலிப்பு வரலாம். நினைவு தப்பலாம்.

சிலருக்குக் கை விழுந்து, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். "சரியாகிவிட்டதே" என்று இருந்துவிடாதீர்கள். பெரிய நோய் வரப்போகிறது என்பதற்கு அது எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றே போய்க் காட்டுங்கள்.

108 வண்டி வரும் வரை

செய்ய வேண்டியவை:

1. 108-க்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் உள்ள அவசர எண் 112. ஊர், தெரு, அடையாளம் மூன்றையும் சொல்லுங்கள்.

2. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. வாயைத் துடைத்து விடுங்கள்.

3. இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். காற்று வரட்டும்.

4. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், தூங்கப் போன நேரத்தை எழுதுங்கள்.

5. அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போடுங்கள்.

6. மூச்சு நின்றுவிட்டால் உடனே 108-க்குச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை:

1. தண்ணீர், காபி, சோடா, கஷாயம் எதுவும் கொடுக்காதீர்கள். தொண்டை வேலை செய்யாமல் இருக்கலாம். குடித்தது நுரையீரலுக்குள் போய்விடும்.

2. எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக ஆஸ்பிரின் கூடாது. அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். கசிவு அதிகமாகலாம்.

3. விரல் நுனியில் ஊசியால் குத்தாதீர்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கைபேசியில் செய்தி வரும். நம்பாதீர்கள்.

4. புறா ரத்தம் தடவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

5. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். 108 வரத் தாமதமானால் காரிலோ வேனிலோ படுக்க வைத்துக் கொண்டு போங்கள்.

ஏன் மணி முக்கியம்?

வண்டி வந்தது. ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வந்தது?"

ஏழுமலை விழித்தான். "காலையில சார்... விடிஞ்சதும்" என்றான்.

செல்வி நாட்காட்டித் தாளை நீட்டினாள். டாக்டர் படித்தார். "இதுதான் வேணும்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்?

கை கால் விழுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது. இன்னொன்று, ரத்தக் குழாய் உடைவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மருத்துவம் வேறு வேறு. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடைப்புக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. எது என்பதைத் தலை ஸ்கேன்தான் காட்டும். அதனால்தான் நேராக ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூங்காவனம் அம்மாளுக்கு உடைப்பு என்று ஸ்கேன் காட்டியது. மூளையின் இடது பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. அவருடைய ரத்த அழுத்தம் 210/120. டாக்டர்கள் மருந்து ஏற்றி அதைக் குறைத்தார்கள். இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். இவருக்குத் தேவைப்படவில்லை.

மாடத்தில் இருந்த சீட்டு

108 வண்டியில் போகும்போது செல்வி பையைத் திறந்தாள். விளக்கு மாடத்தில் இருந்து எடுத்துப் போட்ட ஒரு சீட்டு அதில் இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. அன்றுதான் அவள் அதைப் படித்தாள்.

"ரத்த அழுத்தம் 170/100. மாத்திரை தினமும் ஒன்று. நிறுத்தக் கூடாது."

சீட்டோடு ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. அதில் ஆறு மாத்திரைகள் மீதி இருந்தன.

அத்தை ஒரு மாதம்தான் மாத்திரை சாப்பிட்டார். பிறகு, "தலை சுத்தல் நின்னு போச்சு. இனி எதுக்கு மாத்திரை?" என்று விட்டுவிட்டார்.

செல்விக்கு அழுகை வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். சீட்டு கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஐந்து மாதமாக அதை அவள் எடுத்துப் படிக்கவில்லை.

பிறகு டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. "ரத்தக் கொதிப்பு வலிக்காதும்மா. அதனால பல பேர் இப்படித்தான் விட்டுடறாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் பாருங்க. நீங்களும் பாருங்க" என்றார்.

வராமல் தடுக்கலாம்

ரத்த அழுத்தத்தை இரண்டு எண்களில் எழுதுவார்கள். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு.

முப்பது வயது ஆன எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். மாத்திரையும் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அழுத்தம் குறைந்திருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும்.

உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம். அது ஒரு சிறு கரண்டி அளவு. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பும் அதில் அடங்கும்.

பீடி, சிகரெட், புகையிலை, சாராயம் எல்லாம் ரத்தக் குழாய்க்குப் பகை. விட்டுவிடுங்கள்.

தலையில் அடிபட்டாலும் மூளையில் ரத்தம் கசியும். வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுங்கள். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் கவனமாகப் பாருங்கள். சில வாரங்கள் கழித்துக்கூடத் தலைவலியோ குழப்பமோ வரலாம். அப்போதும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூன்று வாரம் கழித்துப் பூங்காவனம் அம்மாள் வீடு திரும்பினார். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை முழுவதும் வரவில்லை. பேச்சு மெதுவாக வருகிறது. களை எடுக்கப் போக முடியவில்லை. கோபம் வரும். சில நாள் அழுகையும் வரும். அதுவும் இந்த நோயில் வரக்கூடியதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

கைக்கும் காலுக்கும் தினமும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. ஏழுமலையும் தன் ரத்த அழுத்தத்தைப் பார்த்தான். 150/96. வேறொரு நாள் போய்ப் பார்த்தான். அன்றும் அதிகம்தான். இப்போது அவனும் மாத்திரை சாப்பிடுகிறான்.

மாத்திரை அட்டை இப்போது மாடத்தில் இல்லை. நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது. காலையில் மாத்திரை போட்டதும் பூங்காவனம் அம்மாள் பென்சிலை வாங்குவார். அன்றைய தேதிக்கு மேல் இடது கையால் ஒரு கோடு போடுவார். கோடு வளைந்துதான் வரும்.

"இன்னிக்குப் போட்டாச்சு" என்பார்.

செல்வி வந்து பார்ப்பாள். தேதியைப் படிப்பாள். பிறகுதான் காபி.

பதில் சொல்லுங்கள்

1. முகம், கை, பேச்சு மூன்றையும் எப்படிச் சோதிப்பீர்கள்? வீட்டில் ஒருவரிடம் செய்து காட்டுங்கள்.

2. பூங்காவனம் அம்மாளுக்குச் சோடா கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. டாக்டர் ஏன் முதலில் நேரத்தைக் கேட்டார்?

4. உங்கள் வீட்டில் டாக்டர் சீட்டு இருக்கிறதா? இன்றே எடுத்துப் படியுங்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள்: ______ / ______

5. 108, 112 என்ற எண்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் உங்கள் ஊரின் அடையாளத்தையும் எழுதுங்கள்.