கம்பைலர் மாறட்டும், பில்ட் மாறவேண்டாம்

கொழும்பில் மென்பொருள் வேலைக்குத் தயாராகும் புளத்கொகுபிட்டியத் தோட்டத்துப் பிள்ளைகளே, நேர்முகத்தில் இப்படியொரு கேள்வி வரலாம்: "நாளைக்குக் கம்பைலரை மாற்றச் சொன்னால் எத்தனை ஃபைலில் கை வைப்பீர்கள்?" "ஒன்றிலும் இல்லை" என்று சொல்லும்படி டாஸ்க் எழுதப் பழகுங்கள்.

ஒரு பக்கம் மாறினாலும் மறுபக்கத்தைத் தொடவேண்டாத இந்த ஏற்பாடு உங்கள் இறப்பர் மலையிலேயே இருக்கிறது. பால் வெட்டுகிறவர் பாலை அளந்து கொடுப்பதோடு சரி. அது ஷீட் ஆகிறதா, கிரேப் ஆகிறதா என்பது தொழிற்சாலையின் பாடு.

மென்பொருளில் இதற்குச் சரியான பாடம் அப்பாச்சி ஆன்ட். 2000இல் தனி வெளியீடாக வந்த பில்ட் கருவி இது. அதன் ஜாவாசி டாஸ்க் எந்த ஒரு கம்பைலரோடும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஜேடிகேயின் கம்பைலர், ஐபிஎம்மின் ஜைக்ஸ், ஜிசிஜே என்று பல புழக்கத்தில் இருந்த காலம் அது. டாஸ்க்கில் கம்பைலர் பெயரை எழுதாமல் விட்டால், ‘பில்ட்.கம்பைலர்’ என்ற ப்ராப்பர்ட்டியைக் கமாண்ட் லைனில் கொடுத்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம்.

அந்த வடிவமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. இன்டர்ஃபேஸ் சிறியதாக இருக்கட்டும். டாஸ்க்கையும் கம்பைலரையும் இணைக்கும் ஆன்டின் கம்பைலர் அடாப்டரில் இரண்டே மெத்தட். ‘செட்ஜாவாசி’ டாஸ்க்கின் விவரங்களை வாங்கும்; ‘எக்ஸிகியூட்’ வேலையை முடித்து, வெற்றியா தோல்வியா என்று சொல்லும். மெத்தட் கூடக்கூட, புதிதாக அடாப்டர் எழுத வருபவர் தயங்குவார்.

2. டீஃபால்ட் தானாக ஓடவேண்டும். எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு ஜேடிகேயின் கம்பைலரே கிடைக்கும்.

3. வெளியாருக்கும் வாசல் வையுங்கள். ஆன்ட் தனக்குத் தெரியாத பெயரை ஒரு கிளாஸ் பெயராக எடுத்து லோட் செய்து பார்க்கும். கிடைக்காவிட்டால் பில்டை அங்கேயே நிறுத்திவிடும். சத்தமில்லாமல் வேறொன்றுக்குத் தாவாது.

4. தனி ஆப்ஷன்களைக் கலக்காதீர்கள். ஜைக்ஸுக்கு மட்டும் உரிய ஆப்ஷன் ஜேடிகே கம்பைலருக்குப் போனால் பில்ட் உடையும். அதற்காகவே ‘கம்பைலர்ஆர்க்’ உறுப்பில் எந்தக் கம்பைலருக்கு என்று குறிப்பிட இடம் உண்டு.

5. எல்லா அடாப்டருக்கும் ஒரே டெஸ்ட். ஒன்று தேறி மற்றொன்று தவறினால், அவை இன்னும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகவில்லை.

ஓர் எச்சரிக்கை: ஒரே ஒரு செயலாக்கம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் நேரடியாக எழுதிவிடுங்கள். இரண்டாவது வரும்போது இன்டர்ஃபேஸைப் பிரித்தெடுத்தால் போதும். பார்க்காத தேவைக்காகக் கட்டும் அடுக்குகள் பராமரிப்புச் சுமைதான்.

பயிற்சிக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. ஜேடிகேயும் ஆன்டும் இலவசம். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஒரு டாஸ்க் எழுதுங்கள்; ஜிப்புக்கு ஓர் அடாப்டர், டாருக்கு ஓர் அடாப்டர். டெஸ்டோடு கிட்ஹப்பில் போட்டு, சிவியில் அந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த படி திறந்த மூலம். அதில் பங்களிக்க வழி திறக்கும், 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் தேர்வானார்கள். 2022 முதல் அதற்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழக மாணவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 18 வயது நிரம்பிய புதியவர்களும் முயலலாம். கம்பஸ் கிடைக்கவில்லை என்று ஒதுங்கி நிற்காமல் விண்ணப்பித்துப் பாருங்கள்.