உயிரியல் மாணாக்கர் வகுப்பறைக்கு வெளியே எதைத் தேர்வது?

கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ பயில்வோருக்குச் சோதனைச்சாலையில் ஃபார்மலின் ஜாடிக்குள் கிடக்கும் பிராணியும் பாடநூலில் அச்சான மலரும் எவ்வளவுதான் துணைபுரிந்தாலும், ஒரு ஜீவன் தனக்குரிய இடத்தில் தன் காரியத்தைச் செய்வதைப் பிரத்தியட்சமாகக் கண்டாலன்றி அந்தச் சாஸ்திரத்தில் மெய்யான ருசி பிறப்பதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு வாய்ப்புகள் பல உண்டு; ஆனால் எல்லாம் எல்லாருக்கும் ஏற்றவையல்ல. செல்லுமிடத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டுந்தானா, அல்லது நம் கையாலேயே அளந்து எழுதவும், எழுதியதை மறுமுறை சென்று சரிபார்க்கவும் இடமுண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் இருப்போருக்கு உடனே நினைவுக்கு வருவது ஆமை நடை. 1988 முதல் மாணவர்களே முன்னின்று நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையேயுள்ள மணலில் நடந்து, பங்குனி ஆமை கரையேறிய தடத்தைத் தேடுகிறார்கள். தடம் சென்று முடியுமிடத்தில் கோலால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிக் கொடுக்கும் இடத்தை அறிந்து, கையை ஆழ விட்டு, நூறுக்கு முன்பின்னாக இருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, குழியின் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் உஷ்ணமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கிறது, உஷ்ணம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும் என்ற உண்மையைப் புத்தகத்தில் படிப்பதற்கும், அந்த மணலைத் தொட்டுக்கொண்டே சிந்திப்பதற்கும் பேதம் பெரிது. ஆயினும் ஓர் இரவு மட்டும் வந்து போகிறவர் விருந்தாளியே. பருவம் முழுதும் தொண்டராக நிற்பவருக்கே அது பயிற்சியாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமையைக் காப்பதால், முட்டையைத் தாமாகவே தோண்டி எடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

தாவரத்தில் நாட்டமுள்ளோருக்கு நான் சிபாரிசு செய்வது உலர்தாவரத் தொகுப்பகமாகிய ஹெர்பேரியம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மாத்யூ 1967இல் நிறுவிய ராபினாட் ஹெர்பேரியம் அத்தகையது. தமிழ்நாட்டின் ‘கர்நாடிக்’ எனப்படும் பகுதியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூலும் அங்கிருந்தே உருவாயிற்று. செடியைச் செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் இழுத்த தாளைத் தினந்தோறும் மாற்றுவது அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் பூ உலர்ந்தபின் நிறம் வெளிறிவிடும், கிள்ளினால் பால் வடிந்ததா என்பது காய்ந்த கிளையில் தெரியாது. ஆகையால் பறித்த இடத்திலேயே குறிப்பெழுதும் ஒழுக்கம் தானாகவே கைவந்துவிடுகிறது. முதலாண்டு மாணாக்கருக்கு இதனினும் நல்ல ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை.

துறையினர் ஒன்றாகச் செல்வதாயின் பரங்கிப்பேட்டை ஏற்றது. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும், அருகே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடும் இருக்கின்றன. ஓடத்தில் ஒருமுறை சுற்றிவருவது உல்லாசமே. ஏற்றத்திலும் வற்றத்திலும் ஒரே இடத்தில் நீரின் உப்பை அளந்து ஒப்பிட்டால்தான் அது பாடம்.

பணமும் பிரயாண வசதியும் இல்லாதோர் குறைபட வேண்டியதில்லை. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில், கல்லூரி வளாகத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணி அனுப்பினால் போதும். அதே மரத்தடியில் ஆண்டு முழுதும் வாரந்தோறும் எண்ணுபவருக்கு, தொலைதூரச் சரணாலயத்தை ஒருநாள் கண்டு வந்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி வேறிரு அகாதெமிகளுடன் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டம் இவற்றினின்றும் வேறுபட்டது. சுமார் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் அமர்ந்து வேலை செய்யலாம். ஆராய்ச்சியையே ஜீவனோபாயமாகக் கொள்ள எண்ணுவோருக்கு இது அவசியம். அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படாதவர் ஓராண்டு பொறுக்கலாம். போட்டி கடுமையானது. விண்ணப்பத்தில் தம் ஆர்வத்தைப் பற்றி எழுதவேண்டிய சிறு குறிப்பில், கடற்கரையிலோ ஹெர்பேரியத்திலோ நிறைத்த நோட்டுப் புத்தகம் உடையவருக்கே சொல்ல விஷயம் இருக்கும். முந்தின ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், ஆசிரியரின் சிபாரிசுக் கடிதத்தைத் தீபாவளி விடுமுறைக்கு முன்பே கேட்டுவைப்பது நலம்.